தாமோதரன் மேஸ்திரியின் கை தவறவில்லை

திருப்பாலைவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, ஒருபுறம் நெற்பயிரும் மறுபுறம் உப்புக்காற்றுமாய் நீளும் சாலையின் ஓரத்தில், முப்பத்தோராண்டுக் காலம் முகம் சுளிக்காது உழைத்து, இன்று மாலை பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை மெக்கானிக் திரு. தாமோதரன் அவர்களுக்குப் பட்டறைத் தோழர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல்.

எண்ணெயின் நிறத்திலேயே எந்திரத்தின் நோயை எடுத்துரைக்கும் ஏந்தலே! பற்சக்கரத்தின் பல்லொன்று பழுதென்றாலும் பத்தடி தொலைவிலிருந்தே பகுத்தறியும் பண்பாளரே! துருவேறித் திமிரும் போல்ட்டையும் தூக்கணாங்குருவிக் கூட்டைத் தொடுவதுபோல் தொட்டுத் திருகும் தூயவரே! கோபம் மிகும்போது குரலைத் தாழ்த்தும் குணக்குன்றே! கார் ஓட்டுவோர் கவலையெல்லாம் கையிரண்டில் ஏந்திக்கொண்ட கடமை வீரரே! வணக்கம்!

மதியம் உட்கார்ந்து இதுவரைக்கும் எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இப்போது நள்ளிரவு கடந்து மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அதனால்தான் ‘நாளை மாலை’ என்றிருந்ததை அடித்து ‘இன்று மாலை’ என்று திருத்தினேன். இனி எழுதப்போவதை எழுதத்தான் பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். வலைக்குப் போக நைனா மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

இந்தப் பொறுப்பை எனக்குத் தந்தவர் நம் உரிமையாளர் சிவகுமார் அண்ணன். “பானு, பள்ளிக்கூடத்துல தமிழுக்கு பரிசு வாங்கின பொண்ணாமே நீ. மேஸ்திரிக்கு ஒரு மடல் எழுதிக் குடு. படிச்சா கணகணன்னு இருக்கணும்” என்றார். எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ரியாஸ் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, “இவரு கை வெச்சு ஒரு கியர்பாக்ஸ் கூட திரும்பி வந்தது இல்லைன்னு எடுத்த எடுப்புலயே போடு புலவரே. அதான மேட்டரே” என்றார்.

சிவகுமார் அண்ணன் முகம் மாறிவிட்டது. “அது மட்டும் வேணாம்பா. விழாவுக்கு ஜமால் பாய் வர்றாரு. அவர எதிர்ல உக்கார வெச்சுக்கினு அத படிச்சா மேஸ்திரிக்குத்தான் சங்கடம். முப்பது வருசம் சொல்லிக்கினு இருந்தோம். இந்த மாசம் முடிஞ்சு போச்சு.”

“அது மேஸ்திரி தப்புதானாண்ணா?” என்று கேட்டேன்.

“பின்ன? அவரே ஒத்துக்கினாரே!”

மேஸ்திரி, நீங்கள் ஒத்துக்கொண்டது உங்கள் தவறை இல்லை. என் தவறை.

அது யார் செய்ததென்று உங்களுக்கும் தெரியாது. ‘கண்ணு போச்சு, கை தவறிப் போச்சு’ என்று நீங்களே நம்பிவிட்டீர்கள். ஐம்பத்தெட்டு வயதுவரை இருக்க வேண்டியவர் ஐம்பத்தாறிலேயே கிளம்புகிறீர்கள். இன்று நான் வாய் திறக்காவிட்டால் அந்த நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். திறந்தால் என் பயிற்சி அதோடு போய்விடும் என்று பயம். இருபத்து மூன்று நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறேன். பாராட்டு மடலில் இதையெல்லாம் எழுதுவார்களா என்று தெரியவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டினால் என் குரலை நானே கேட்க முடியாது.

முதலில் பாராட்டிவிடுகிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு. பதினோரு மாதம் உங்கள் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் நான்.

விழாவுக்குக் குடும்பத்தாரெல்லாம் வருவார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். கிளட்ச் மிதிக்காமல் ஓடும் ஆட்டோமேட்டிக் காரில், கியரைத் தேர்ந்தெடுப்பது எண்ணெய்தான். எந்தக் கியருக்கு எந்த வழியாகப் போவது என்று அந்த எண்ணெய்க்கு வழிகாட்டும் அலுமினியப் பெட்டிக்கு வால்வு பாடி என்று பெயர். இரண்டு கையிலும் ஏந்தினால் ஒரு முறம் அளவுகூட இருக்காது. உள்ளே பார்த்தால் வாய்க்கால் வாய்க்காலாக, நம் பழவேற்காட்டு ஏரியை ஆகாயத்திலிருந்து படம் எடுத்ததுபோல் இருக்கும். சில வாய்க்கால்களில் சின்னஞ்சிறு இரும்புக் குண்டுகள் உண்டு. எண்ணெய் ஒரு பக்கம் வந்தால் திறந்து, மறுபக்கம் வந்தால் அடைத்து, மதகுபோல் வேலை செய்யும் குண்டுகள். ஒரு குண்டு குறைந்தாலும் வண்டி தன் புத்தியில் இருக்காது.

அந்த வால்வு பாடியைக் காருக்கு அடியில் நின்று, தலைக்கு மேல் தூக்கி, கவிழ்த்துப் பொருத்த வேண்டும். கவிழ்த்தால் குண்டுகள் விழாதா? விழும். விழாமலிருக்க ஒவ்வொரு குண்டுக்கும் துளி வாசலின் தடவி ஒட்டுவீர்கள். போல்ட் எல்லாம் முறுக்கிய பிறகு அந்த வாசலினுக்கு வேலை இல்லை. வண்டி ஓடி எண்ணெய் சூடானதும் அது கரைந்து, இருந்த தடம் தெரியாமல் போய்விட வேண்டும்.

இந்த வேலையை நீங்கள் செய்யும்போது பார்த்தவர்கள் பாக்கியவான்கள். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் துளை போட்டு, எது எந்த இடத்துப் போல்ட்டோ அதே இடத்தில் செருகி வைப்பீர்கள். நீளம் அரை சென்டிமீட்டர் மாறினால் அலுமினியம் பிளந்துவிடும் என்பதால். கை துடைக்கும் நூல் வேஸ்ட்டை யாராவது அந்தப் பக்கம் கொண்டுவந்தால், “தூக்கினு போ, தூக்கினு போ. ஒரு நூலு உள்ள போச்சுன்னா என்ன தேடி ராத்திரி கனவுல வரும்” என்று விரட்டுவீர்கள். குண்டுகளை டீ சாஸரில் போட்டு நீங்கள் ஒரு முறை எண்ணுவீர்கள். பிறகு சாஸரை வேறு ஒருவரிடம் நீட்டுவீர்கள். “எத்தினி?” என்று கேட்பீர்கள். உங்கள் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டீர்கள். அவரும் அதே எண்ணைச் சொன்னால்தான் வேலை தொடங்கும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் நேற்று வந்தவளிடம் சாஸரை நீட்டும் பெருந்தன்மையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

கியர் லீவரின் பின் என்ற சின்ன முளையை வால்வின் பள்ளத்தில் உட்காரவைத்து, ரியாஸ் அண்ணனை வண்டிக்குள் ஏற்றி, “பார்க்ல போடு. ரிவர்ஸ். நியூட்ரல். ட்ரைவ். டேய், கல்யாண வண்டியா ஓட்டுற? மெதுவா இழுடா” என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பீர்கள். பிறகு எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முறுக்குவீர்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே, வெளியே, வெளியே. பிறகு அளவு காட்டும் சின்ன ஸ்பேனரால் மறுபடியும் நடுவிலிருந்து. “போல்ட்டுக்கு வலி தெரியாது. அலுமினியத்துக்குத் தெரியும். அத நெனச்சு முறுக்கு” என்பீர்கள். உங்கள் சட்டைக் கையில் எண்ணெய் வழிந்து முழங்கை வரை போகும். ஒரு முறைகூட நீங்கள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் இந்தப் பட்டறைக்கு வந்ததே உங்களால். ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சிக்குக் கடிதத்தோடு வந்த அன்று, “பொண்ணெல்லாம் இதுக்கு சரிப்பட்டு வராது மேஸ்திரி” என்று சிவகுமார் அண்ணன் சொன்னார். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, “ஆம்பளைங்கள்ல சரிப்பட்டு வராதவன் இல்லியா? அவனயெல்லாம் நாம வெச்சுக்கினு இல்லியா?” என்று சொல்லி ரியாஸ் அண்ணனைப் பார்த்தீர்கள். அவர், “இன்னா மேஸ்திரி, எதுக்கு என்ன பாக்குற?” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றே எனக்கு நீலச் சட்டை கிடைத்தது. எங்கள் குப்பத்திலிருந்து ஸ்பேனர் பிடிக்க வந்த முதல் பெண் நான். வரும் மார்ச்சில் சான்றிதழ். மீஞ்சூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் அதைக் காட்டினால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். என் வாயை அடைத்தது அதுதான், மேஸ்திரி. வேறு யாரும் அடைக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் கடைசியில் ஜமால் முகம்மது பாயின் கார் வந்தது. பழவேற்காட்டில் நண்டு வியாபாரம் செய்பவர். இடது கால் சிறுவயதிலேயே சூம்பிவிட்டது என்பதால் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் அவர் யாரையாவது கெஞ்சித்தான் வெளியே போக வேண்டும். வால்வு பாடி தேய்ந்துபோய்ப் புதியது போட வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை நீங்கள் வாசலின் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “காலியா கீது பானு. நாளிக்கு வரும்போது ஒரு டப்பா வாங்கினு வா” என்றீர்கள். நான் மறந்துவிட்டேன். மறுநாள் பேருந்து பட்டறை வாசலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

என் பையில் ஒரு டப்பா இருந்தது. நைனா படகுக்கு வாங்கி வரச் சொன்ன வெள்ளை கிரீஸ். பொன்னேரியில் வாங்கி, வீட்டில் கொடுக்க மறந்தது. எங்கள் குப்பத்தில் அந்தக் கிரீசுக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். படகு என்ஜினின் ஷாஃப்டுக்கு அதைத் தடவிவிட்டு நைனா சொல்வார்: “உப்புத் தண்ணியிலயே கரையாது. சூட்டுக்கும் இளகாது. ஏரியில போனாலும் சரி, மொகத்துவாரம் தாண்டி கடல்ல போனாலும் சரி, புடிச்ச புடிய வுடாது.” சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. நல்ல கிரீஸ் என்றால் கரையாதது. அவ்வளவுதான் என் அறிவு. குண்டு விழாமல் பிடிப்பதுதானே வேண்டும். வாசலினைவிட இது நன்றாகவே பிடிக்கும் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்குவதைவிட இது மேல் என்றும் நினைத்தேன். கழிவறைக்குப் பின்னால் போய், வாசலின் டப்பாவில் படகு கிரீசை வழித்து நிரப்பி, மேசையில் வைத்தேன்.

நீங்கள் விரலில் எடுத்ததும் நின்றீர்கள். “இன்னா பானு, இன்னிக்கு கெட்டியா கீது?”

அப்போது சொல்லியிருக்கலாம். “மார்கழி பனி மேஸ்திரி. தேங்காண்ணெயே ஒறைஞ்சு கீது” என்றேன்.

“ஆமாமா” என்று சிரித்தீர்கள். உங்களுக்கு அன்று சளி, மூக்கு அடைத்திருந்தது. இல்லாவிட்டால் முகர்ந்தே கண்டுபிடித்திருப்பீர்கள். சாஸரை என்னிடம் நீட்டினீர்கள். எண்ணினேன். “ஏழு” என்றேன். “ஏழுதான்” என்றீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, மேஸ்திரி. போல்ட் சரியாக இருந்தது. லீவர் பின் சரியாக இருந்தது. முறுக்கு சரியாக இருந்தது. அந்த வேலையில் உங்கள் கை பட்ட இடமெல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் வரும்போது மறக்காமல் நிஜமான வாசலின் வாங்கி வந்தேன். டப்பாவைப் பெட்ரோலில் கழுவி நிரப்பி, இருந்த இடத்தில் வைத்தேன். கெடுதல் நடந்திருக்கிறது என்று தெரிந்து மறைத்ததில்லை. சொன்ன பொருளை வாங்கிவிட்டேன் என்று மனசு ஆறுவதற்காகச் செய்தது. ஆனால் உங்களைக் கவிழ்த்தது அதுதான்.

பதினோராம் நாள் ஜமால் பாயின் கார் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது. ஏரியோரம் நிழலே இல்லாத இடத்தில், நடுப்பகலில், மூன்றாவது கியர் ஏறாமல் உதறி உதறி நின்றுவிட்டதாம். அவரும் அவர் மனைவி ஆமினா பீவியம்மாவும் இரண்டு மணி நேரம் வெயிலில். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தவர் எல்லோர் காதிலும் விழும்படி, “இன்னா மேஸ்திரி! ஒங் கை பட்டா இன்னோர் வாட்டி தொறக்கவே வேணாம்னாங்களே. பதினோரு நாள்ல பல்ல இளிச்சிடுச்சே! காலு இல்லாதவன நடுரோட்டுல நிக்க வெச்சுட்டியேபா” என்றார். ஆமினா பீவியம்மா, “வுடுங்க, வயசான மனுசரு” என்று அவர் கையைப் பிடித்தார். பாய் திட்டியதைவிட அந்தச் சொல்தான் உங்கள் முகத்தில் அறைந்தது. நான் பார்த்தேன்.

நீங்கள் எண்ணெய்த் தட்டைக் கழற்றினீர்கள். வடிகட்டியில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டி. உள்ளே வால்வு ஒன்று அதில் சிக்கி அசையாமல் நின்றது. விரலில் தேய்த்துப் பார்த்தீர்கள். முகர்ந்தீர்கள். எழுந்துபோய் மேசையில் இருந்த வாசலின் டப்பாவைத் திறந்தீர்கள். உள்ளே சுத்தமான வாசலின். பக்கத்திலேயே கதவுக் கீலுக்குத் தடவும் வெள்ளை கிரீஸ் டப்பா. இரண்டையும் இரண்டு கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம்.

“டப்பா மாத்தி எடுத்துட்டேன்” என்றீர்கள். “பாய், தப்பு என்னுது. மன்னிச்சுக்கோ.”

நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நைனாவின் படகில் ஆயிரம் முறை பார்த்த வெள்ளை அது. வாயைத் திறந்தேன். ரியாஸ் அண்ணன், “லைட்ட நேரா புடி பானு, எங்க காட்டுற?” என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று வேறு யாராக இருந்தாலும் முதலில் சுற்றி நின்றவர்களைப் பார்த்திருப்பார்கள். டப்பாவை நிரப்பியவள் யார் என்று கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஒரு வேலை கெட்டால் முதலில் தன் கையைத் திருப்பிப் பார்ப்பவர் நீங்கள். இந்த மடலில் நான் பாராட்ட நினைத்ததிலேயே பெரியது அதுதான். அதுவே உங்களுக்கு எமனாக வந்தது என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அன்று வீட்டில் நைனாவிடம் காரணம் சொல்லாமல் கேட்டேன், அந்தக் கிரீஸ் சூடான எண்ணெயில் கரையுமா என்று. “கரையுமா? கரைஞ்சா அப்பால அது இன்னா கிரீஸு?” என்று சிரித்தார். எங்களுக்கு எது பெருமையோ அதுவே அந்தக் காருக்கு நஞ்சு என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாயின் காரை ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து மறுபடி கோத்தீர்கள். ஒவ்வொரு டப்பாவையும் வெளிச்சத்தில் மூன்று முறை படித்தீர்களாம், காவலுக்கு இருந்தவர் சொன்னார். பொன்னேரிக்குப் போய்க் கண் சோதித்தீர்கள். வயதுக்கு நல்ல பார்வை என்று டாக்டர் சொன்னதைக்கூட நீங்கள் நம்பவில்லை. “டாக்டருக்கு எழுத்துதான் தெரியும். கிரீஸ் தெரியுமா?” என்றீர்கள். பொங்கலுக்கு முன்னால் சிவகுமார் அண்ணனிடம், “மாசக் கடைசியோட நின்னுக்கறேன். இன்னொருத்தன் நடுரோட்டுல நிக்கறதுக்குள்ள போயிடணும்” என்று சொல்லிவிட்டீர்கள். அவர் எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை.

அடுத்து வந்த வால்வு பாடியை ரியாஸ் அண்ணனைக் கோக்கச் சொன்னீர்கள். “நான் ஒயர்காரன் மேஸ்திரி, என்ன ஏன் மாட்டி வுடற?” என்று அவர் புலம்பப் புலம்ப, நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், வாயால் மட்டும் சொன்னீர்கள். ஒரு போல்ட் அவர் கையில் தடுமாறியது. உங்கள் தோள் தானாக முன்னால் வந்தது. கை வரவில்லை. அதைக் கட்டியே வைத்திருந்தீர்கள்.

மேஸ்திரி, அந்தக் கையை அவிழ்த்துவிடுங்கள். அது தவறவில்லை. டப்பா மாறவில்லை. நீங்கள் எடுத்தது வாசலின் டப்பாவைத்தான். அதற்குள் இருந்ததுதான் வாசலின் இல்லை. உங்கள் கண் சரியாகப் பார்த்தது. உங்கள் விரல் ‘கெட்டியாக இருக்கிறது’ என்று அப்போதே சரியாகச் சொன்னது. விரல் சொன்னதைப் பொய் என்று ஆக்கியவள் நான்.

இதை உங்கள் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லலாமே என்று நினைத்தேன். நேற்று மாலை உங்கள் தெருமுனை வரை வந்தேன். உங்கள் வீட்டுக்காரம்மா பொன்னியம்மாள் அக்கா வாசலில் உங்கள் வேலைச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். மடித்து வைத்துவிடப் போகிறார்கள் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது இன்னொன்றும் புரிந்தது. நீங்கள் தலை குனிந்தது எல்லோர் முன்னாலும். நான் உங்களிடம் மட்டும் காதோடு சொன்னால், நீங்கள், “சரி வுடு பானு, யாரண்டயும் சொல்லாதே” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். அதனால்தான் மைக் முன்னால்.

ஜமால் பாய், நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களையும் ஆமினா பீவியம்மாவையும் வெயிலில் நிறுத்தியது மேஸ்திரி இல்லை. நான்தான். எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்கே சொல்லுங்கள். நின்று கேட்டுக்கொள்கிறேன்.

சிவகுமார் அண்ணா, நீங்கள் வேண்டாம் என்ற அந்த ‘திரும்பி வந்ததில்லை’ வரியை நான் சேர்க்கவில்லை. ஆனால் மேஸ்திரியின் தவறால் எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது உண்மை. என்னை என்ன செய்வது என்று நாளைக்கு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அடுத்து ஒரு பெண் கடிதத்தோடு வந்து நின்றால், என்னை வைத்து அவளை அளக்க வேண்டாம்.

மேஸ்திரி, ஓய்வு உங்கள் உரிமை. முப்பத்தோராண்டு பட்டறைக் குழியில் இறங்கி ஏறிய முட்டிக்கு ஓய்வு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மனசார மாலை போடுகிறோம். ஆனால் கை தவறிய மனிதர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சால்வையை வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள். அதை வாங்காமல் வேலைக்கே திரும்பினாலும் யாரும் வருத்தப்பட மாட்டோம். ரியாஸ் அண்ணன் சந்தோஷத்தில் விசில் அடிப்பார்.

உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். நான் சின்னச் சின்னதாக வேண்டிக்கொள்கிறேன். முட்டி வலிக்காமல் நடக்கும் உடம்பு. படுத்ததும் வரும் தூக்கம். மழைக்காலத்தில் அடைக்காத மூக்கு. பொன்னியம்மாள் அக்காவோடு சண்டை போட்டுச் சிரிக்க நிறைய நாட்கள். யார் எதைச் சொன்னாலும் தன் விரல் சொல்வதை நம்பும் மனசு. இவை எல்லாம் உங்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை பத்து மணிக்குத் திறக்கிறது. நான் கொடுக்கப் போவதில்லை. கண்ணாடி போட்டுவிட்டால் யாரும் கையெழுத்துப் போட முடியாது. வழக்கமாக எல்லோரிடமும் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் படிப்பார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் இதில் கையெழுத்துப் போடக் கூடாது. அதனால் தாளை அப்படியே கொண்டு வருகிறேன். நானே படிக்கிறேன். படித்து முடித்ததும் மேசையில் பேனாவோடு வைக்கிறேன்.

இங்ஙனம்,

ஜமால் முகம்மது பாயின் காருக்கு வாசலினுக்குப் பதில் படகு கிரீஸ் கொடுத்த
பானுப்ரியா,
பயிற்சிப் பணியாளர்.

பட்டறைத் தோழர்கள், கேட்ட பிறகு, விருப்பம் இருந்தால்:

............................................

............................................

............................................